பாட்டுக்கும் ஒரு பெரட்டு

கேள்வி: எங்கள் கோயில் டெலிகிராம் குழுவில் காலை 6 மணிக்குப் பூசை அறிவிக்க வேண்டிய பாட், பிற்பகல் 2 மணிக்கு அறிவிக்கிறது. நேரம் மாற்றும் கருவிக்கு நான்தான் கையேடு எழுத வேண்டுமாம். எதில் தொடங்குவது?
(வாசகர், காம்பார்)

பதில்: பாட்டைத் திட்டாதீர்கள். அதன் சர்வர் உலகப் பொது நேரத்தில் விழிக்கிறது. மலேசியா அதற்கு 8 மணி நேரம் முந்தி. அதனால் கையேட்டின் முதல் வரியே நேர மண்டலம். நாமும் சளைத்தவர்களா? 1982 புத்தாண்டில் தீபகற்பக் கடிகாரத்தையே அரை மணி முன்னே தள்ளிய நாடு இது!

பாட்டின் நேர அட்டவணையில் '0 6 * * *' என்று இருப்பதை '0 22 * * *' ஆக்குங்கள். முதல் எண் நிமிடம், அடுத்தது மணி, பிறகு தேதி, மாதம், கிழமை. வெள்ளிக்கிழமை பூசைக்கு மட்டும் என்றால் கிழமைக் கட்டத்தில் 5 போடாதீர்கள், 4 போடுங்கள். நமக்கு வெள்ளி விடியும்போது சர்வருக்கு இன்னும் வியாழன் இரவு. கையேட்டில் இதைச் சிவப்பில் எழுதுங்கள். தோட்டத்துக் கங்காணிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. இருட்டோடு பெரட்டுக்கு (வேலைக்கு முந்திய ஆள் கணக்கெடுப்புக்கு) கூப்பிட்டார், சனம் வந்தது.

நிறுத்தும் கட்டளையையும் மறக்காமல் எழுதிவையுங்கள். இல்லையென்றால் நிர்வாகம் மாறிய பிறகும் பாட் பழைய தலைவர் பெயரிலேயே தீபாவளி வாழ்த்து அனுப்பும். புதிய தலைவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.