பச்சை மை அதிகாரியைக் காணவில்லை

பெறுநர்: கம்ப்யூட்டர்களின் தகுதியை நிர்ணயிக்கும் மேலிடம், கடல் கடந்த தலைமை அலுவலகம்.

பொருள்: என் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை என்ற ஆணையை எதிர்த்து மேல்முறையீடு.

பார்வை: போன செவ்வாய்க்கிழமை காலை என் திரையை மறித்துக்கொண்டு நின்ற தங்கள் அறிவிப்பு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கும் அடியேன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. அன்று கடையில் ஏழு பேர் நின்றார்கள். ஒரு பாட்டிக்கு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மகள் பெயருக்கு எந்த 'ழ' என்று கேட்கத் தலையைத் திருப்பிய நேரத்தில் திரை முழுக்கத் தாங்கள் எழுந்தருளினீர்கள். விண்டோஸ் 10-க்குக் காலம் முடிந்தது, இந்தக் கம்ப்யூட்டர் அடுத்ததற்குத் தகுதி பெறவில்லை என்று பின்னால் நின்ற காலேஜ் பையன் ஊருக்கே கேட்கும்படி படித்துத் தமிழிலும் சொன்னான். பாட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "என்னப்பா, உன் மனுவையும் திருப்பிட்டானா?" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாகத் திரும்பி வந்த மனுக்களோடு என் கடைக்கு வருகிறவர்களுக்கு "விடுங்க, இன்னொரு தடவை போடலாம்" என்று நான் சொல்லித்தான் பழக்கம். அன்று அதைப் பாட்டி எனக்குச் சொன்னார்.

என்ன குறை என்று விசாரித்தேன். டிபிஎம் 2.0 என்ற சிப் ஒன்று மதர்போர்டில் இருக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது எது எது ஏறி வருகிறது என்று ஒவ்வொரு படியிலும் அளந்து குறித்துக்கொள்வாராம். சாவிகளைத் தன் டிராயரில் வைத்துப் பூட்டுவாராம், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் அந்த டிராயர் திறக்காதாம். கேட்டால், "ஆம், இது ஒரிஜினல்தான்" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுப்பாராம். இவ்வளவு படித்ததும் ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது ஐயா. இவர் கெஜட்டட் ஆபீசர்! சட்டைப் பையில் பச்சை மைப் பேனா வைத்திருப்பவர்!

2014 வாக்கில் எங்கள் மத்திய அரசே மனமிரங்கி, "நகலுக்குக் கெஜட்டட் ஆபீசர் வேண்டாம், நீயே கையெழுத்துப் போட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டது. என் கடைவாசலில் காய்ந்துபோன அந்தப் பச்சை மையை 2021-இல் தாங்கள் ஒவ்வொரு வீட்டு மேஜைக்கும் கொண்டுவந்த பெருந்தன்மையை என்னவென்று சொல்ல!

டவுனில் ஒரு கடைக்கு மெஷினைத் தூக்கிப் போனேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "அந்தச் சிப் இந்த மாடல்ல வராதுண்ணே, புதுசு எடுத்துருங்க" என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். எடுத்தும் இருப்பேன். அக்கா மகள்தான் போனில் தடுத்தாள். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, 'டிபிஎம் டாட் எம்எஸ்சி' என்று அடிக்கச் சொன்னாள். பொருத்தமான டிபிஎம் கிடைக்கவில்லை என்று வந்தது. "கிடைக்கலைன்னுதானே மாமா சொல்லுது, இல்லைன்னு சொல்லலையே" என்றாள்.

எதிர்க்கட்டடத்தில் 'சார் சீட்ல இல்லை' என்பதற்கும் 'சார் இல்லை' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று எனக்கா தெரியாது?

ரீஸ்டார்ட் போட்டு, டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே, விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸ் திரைக்குள் போனோம். அங்கே டிபிஎம் என்று எந்தக் கதவிலும் எழுதியிருக்கவில்லை. இன்டெல் போர்டில் அதிகாரியின் பெயர் பிடிடி. ஏஎம்டி போர்டாக இருந்தால் எஃப்டிபிஎம். சில போர்டில் வெறும் 'செக்யூரிட்டி டிவைஸ்'. ஒரே ஆளுக்கு இத்தனை பெயர்ப்பலகை! சில போர்டில் பக்கத்திலேயே 'கிளியர்' என்று ஒரு வரியும் இருக்குமாம், அதைத் தொட்டுவிடாதே என்று அவள் கத்தினாள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்ட மெஷினாக இருந்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடுமாம். கை நடுங்க 'டிஸேபிள்ட்' என்றிருந்ததை 'எனேபிள்ட்' ஆக்கி, எஃப்10 தட்டினேன்.

வந்துவிட்டார் ஐயா! 'பயன்பாட்டுக்குத் தயார், பதிப்பு 2.0.' 2017-இல் வாங்கிய நாளிலிருந்து பின்னறையில் பேனா மூடியைக்கூடத் திறக்காமல் தூங்கியிருக்கிறார். டவுனில் கேட்ட விலைக்குப் பதிலாக அவரை எழுப்பச் செலவானது ஒரு போன் கால்.

குதித்துக்கொண்டு தங்கள் சோதனை ஆப்பை ஓட்டினேன். டிபிஎம்: பச்சை. ரேம்: பச்சை. டிஸ்க்: பச்சை. திரையெல்லாம் பச்சை மை! ஒரே ஒரு சிவப்பு. ப்ராசஸர் ஏழாம் தலைமுறை, எட்டாவதிலிருந்துதான் சேர்த்துக்கொள்வீர்களாம்.

அலைந்து திரிந்து அதிகாரியின் கையெழுத்தை வாங்கி வந்தால், "கையெழுத்து சரி, உங்க தாத்தா யாரு?" என்கிறீர்கள். ஏழாம் தலைமுறை மொத்தமும் ஆகாது என்றாலாவது மனசு ஆறும். ஐ7-7820எச்க்யூ என்ற ஏழாம் தலைமுறைச் சிப்புக்குச் சில மெஷின்களில் மட்டும் இடம் கொடுத்திருக்கிறீர்கள், அதில் ஒன்று தாங்களே விற்ற மெஷின். இதற்கு என்ன பெயர்? எங்கள் ஊரில் இதற்கு ஒரு பெயர் உண்டு, அதைக் கடை போர்டில் எழுத முடியாது. பட்டா, சாதிச் சான்று, ஓய்வூதியம் என்று ஒரு நாளும் பழுதில்லாமல் அடித்துத் தந்த மெஷின் இது. எது உடைந்தது என்று கழற்றச் சொல்கிறீர்கள்? அடுத்த தெருக் காயலான் கடையில் எடை போடுகிறான், ஓடுகிற மெஷின்களை!

மன்னிக்க வேண்டும். பேனா வழுக்கிவிட்டது. பச்சை மை கொஞ்சம் நீர்த்தது.

தங்கள் கருணைக்குக் குறைவில்லை. 2021-இல் முதலில் விட்ட சோதனை ஆப் காரணமே சொல்லாமல் 'ஆகாது' என்றபோது, சில நாளில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, செப்டம்பரில் காரணம் சொல்லும் ஆப்பாகத் திருப்பித் தந்தீர்கள். இப்போதும் தங்கள் கணக்கில் என்னைப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்றீர்கள், பதிந்துவிட்டேன். அதற்குப் பிறகு லினக்ஸ் போடலாம் என்று அக்கா மகள் ஒரு பென்டிரைவோடு காத்திருக்கிறாள். அது தங்களுக்குத் தெரிய வேண்டாம்.

அடியேனின் கோரிக்கை சிறியது. அந்த அறிவிப்பில் 'புதியது வாங்குங்கள்' என்பதற்கு மேலே ஒரே ஒரு வரி: "முதலில் பயாஸைத் திறந்து, சார் தூங்குகிறாரா பாருங்கள்." எட்டாம் தலைமுறைக்காரன் எவனாவது அந்த டவுன் கடையில் பணத்தைக் கட்டாமல் பிழைப்பான்.

இப்படிக்கு,
தகுதியற்ற கம்ப்யூட்டரின் தகுதியற்ற உரிமையாளர்

இணைப்பு: பயாஸ் திரையைப் போனில் பிடித்த படம் (தலைகீழாக வந்துவிட்டது), சுயவிலாசமிட்டு அஞ்சல் தலை ஒட்டிய உறை. மேற்படி படம் உண்மை நகல் என்று நானே சான்றொப்பம் இட்டிருக்கிறேன். நீல மைதான் இருந்தது.