கட்-ஆஃப் மட்டும் ஏறும்

விடாமுயற்சி இருந்தால் வேலை நிச்சயம் என்று முழங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளருக்குக் கணக்கு வராது போலிருக்கிறது. 2024 குரூப் 4 தேர்வுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ 20 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் அவர் சொற்படி விடிய விடியப் படித்தால் என்ன ஆகும்? கட்-ஆஃப் ஏறும். நாற்காலி ஒன்றுகூட அதிகமாகாது. (பின்னால் சில ஆயிரம் இடங்களைச் சேர்த்தார்கள், உண்மைதான். யாரும் கண்விழித்ததற்காக அல்ல.)

பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு இது. எழுதுகிறவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் உண்டு. நூலகத்தில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து, ஆறாம் வகுப்புச் சமச்சீர்ப் புத்தகத்தில் கலர் கலராகக் கோடு போடுகிறார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதில்லை, போனால், “இன்னுமாப்பா படிக்கிற?” என்பார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல விடுவதில் தேர்வாணையம் நேர்மையான ஆள். விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் வைத்திருக்கிறது: விடை தெரியவில்லை. பேச்சாளரிடமும் அதைக் கொடுத்து, “இடம் கிடைக்காத லட்சக்கணக்கானோர் என்ன செய்ய?” என்று கேட்கலாம். கறுப்பாக்க அவருக்கு நேரமிருக்காது. அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டதாம்.