பாம்புக்குப் பொடியூட்டி நிறமேற்றல்: ஒரு முன்னாய்வு

வளர்ப்புப் பாம்பின் சிவப்பு தீனியால் கூடுமா என்ற வினா இதுவரை எந்த ஆட்சியையும் கவிழ்த்ததில்லை. அறிஞர் பெருமக்கள் இதைச் சீந்தாமல் விட்ட குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்களம் அமெரிக்கா. ஆய்வுப்பொருள் அந்நாட்டின் தென்கிழக்கில் எலி தேடித் தானியக் கிடங்குகளைச் சுற்றும் கார்ன் ஸ்நேக். நஞ்சில்லை, நான்கடி நீளம், ஆரஞ்சு உடலில் கறுப்புக் கரை போட்ட சிவப்புத் திட்டுகள். (நம்மூர்ச் சாரையை வைத்து ஆய்வைத் தொடர விரும்புவோர் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை முதலில் படித்துவிடுவது உடம்புக்கு நல்லது.)

பூநாரை இரையால்தான் சிவக்கிறது. பண்ணை சால்மனுக்குத் தீவனத்தில் அஸ்டாக்சாந்தின் கலக்கிறார்கள். சிவப்புக் கேனரிக்கும் இறகு முளைக்கும் காலத்தில் நிறத்தீனி உண்டு. பாம்பு மட்டும் என்ன பாவம் செய்தது எனின், அறியாது கடாயினாய். பூநாரை தானே தின்கிறது. பாம்பு மிளகாய்த்தூளை ஏறெடுத்தும் பாராது. எனவே காரமில்லாத பாப்ரிகாவையும் கேரட்டையும் முதலில் சுண்டெலிக்கு ஊட்டி, அந்த எலியைப் பாம்புக்குப் படைப்பது மரபு. இந்த எலி சரியான தரகன். கேரட்டின் கரோட்டினில் பெரும்பகுதியைத் தன் குடலிலேயே வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும்; கொழுப்பு வெள்ளையாகவே இருக்கும். சரி, செத்த எலியின் முதுகிலேயே பொடியைத் தூவினால் தரகு மிச்சமாகாதா? ஆகும். ஆனால் பாம்புகளின் சிவப்பில் பெரும்பங்கு டெரிடின் வகை நிறமிகளுடையது. அவற்றைப் பாம்பின் உடலே சமைத்துக்கொள்கிறது, கடைச்சரக்கு வேண்டியதில்லை.

பரம்பரைக் கட்சியின் வாதம் சுருக்கமானது. கார்ன் ஸ்நேக்கில் கறுப்பு நிறமி இல்லாமை ஒடுங்கு பண்பாகப் பரம்பரையில் இறங்குவதை, தோல் மருத்துவர் பெர்னார்ட் பெக்டல் இனப்பெருக்கம் செய்தே 1962-இல் காட்டிவிட்டார். ஜோடி சேர்ப்பதில் இருக்கிறது நிறம், பொடி டப்பாவில் இல்லை என்பது இவர்கள் முடிபு.

அப்படியானால் பொடி கொடுத்தவர் வீட்டுப் பாம்பு பளபளப்பது எங்ஙனம்? இங்கேதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. சட்டை உரிக்குமுன் பாம்பு சாம்பல் பூத்து மங்கும்; கண்ணில் பால் ஊற்றியது போல நீலம் படரும். உரிமையாளர் பதறிப் பொடி வாங்குவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். சில நாளில் கண் தெளியும். பாம்பு கல்லில் மூக்கை உரசி, உதட்டோரம் கிழித்து, பழைய தோலை உட்புறம் வெளிப்புறமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச்செம்பாக வெளியே வரும். பெருமை பொடிக்குப் போகும். குட்டியாக வாங்கியவர் கதை இன்னும் விசேஷம். கார்ன் ஸ்நேக் குட்டி பிறக்கும்போது மங்கல்தான்; வளர வளர ஆரஞ்சு ஏறுவது அதன் இயல்பு. டப்பாவோ ஒரு வருஷம் வருகிறது. போதாக்குறைக்குக் கூண்டில் புது விளக்கும் மாட்டியிருப்பார்.

பொடிக் கட்சியை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. சிவப்பே இல்லாத கார்ன் ஸ்நேக் வகையில், வயது ஏறக் கழுத்தடியில் மஞ்சள் படிவதை வளர்ப்போர் இரையின் கரோட்டினாய்டு என்றே சொல்கிறார்கள். அது உண்மையானால், கொடுத்த காசுக்கு மஞ்சள் வருகிறது, கேட்டது சிவப்பு.

ஐயம் தீர வழி ஒன்று உண்டு. ஒரே ஈட்டில் பொரித்த இரு குட்டிகள், ஒரே விளக்கு, ஒரே எலி. ஒன்றுக்கு மட்டும் பொடி. ஆனால் பொடியில் நம்பிக்கை உள்ள எவரும் இரண்டாவதை வெறும் எலியோடு விட்டுவைக்கச் சம்மதிப்பதில்லை. நம்பிக்கை இல்லாதவரோ டப்பாவுக்குக் காசு தருவதில்லை.