பாட்டிலுக்கு வயதாகாது

கேள்வி: மாமனார் 1999-ல் துபாயிலிருந்து கொண்டுவந்த 12 வருட ஸ்காட்ச், பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. இப்போது அதற்கு என்ன வயது?

பதில்: 12தான். மரப் பீப்பாயில் இருக்கிறவரைதான் விஸ்கிக்கு வயது ஏறும். பாட்டிலில் அடைத்த அன்றே நின்றுவிடும். அந்த 12கூட, பாட்டிலில் கலந்த விஸ்கிகளில் கடைக்குட்டியின் வயது. (மருமகப்பிள்ளை யாரும் இடையில் பிரித்து டிக்காஷன் ஊற்றி வைத்திருந்தால் நான் பொறுப்பில்லை.)

கேள்வி: நிறம் அடர்த்தியாக இருந்தால் பழைய சரக்குதானே?

பதில்: காய்ச்சி இறக்கும்போது விஸ்கி பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். நிறம் பிறகு ஓக் பீப்பாய் கொடுப்பது. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் போட்டால் சீக்கிரமே சிவந்துவிடும். பலமுறை பயன்படுத்திய பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடந்தும் வைக்கோல் நிறத்திலேயே நிற்கும். போதாக்குறைக்கு, ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. நாம் தலைக்கு டை அடிப்பது மாதிரிதான். நாம் இளமை காட்ட அடிக்கிறோம், அவர்கள் முதுமை காட்ட.

கேள்வி: சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்ததா?

பதில்: ஒரே டிஸ்டில்லரியிலிருந்து எடுத்தது. முளைகட்டிய பார்லி மட்டுமே இருக்க வேண்டும். பீப்பாய் நூறாகக்கூட இருக்கலாம்.

கேள்வி: ஐலா தீவு விஸ்கியின் புகை வாசனைக்கு அந்த ஊர்த் தண்ணீர்தான் காரணமாமே?

பதில்: நெருப்பு. முளைகட்டிய பார்லியைக் காயவைக்க, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த ‘பீட்’டை எரிப்பார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறிக்கொள்ளும். தண்ணீருக்கு வந்தது பெரும்பாலும் விளம்பரப் புகழ்.

கேள்வி: நம் நாட்டு விஸ்கி எதில் செய்வது?

பதில்: லேபிளில் தானியப் படம் இருந்தாலும், ‘விஸ்கி’ என்று இங்கே விற்பவை பலவற்றில் சர்க்கரை ஆலையின் மொலாசஸில் காய்ச்சிய சாராயம் உண்டு. அதை ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்று விற்க முடியாது. அங்கே தானியத்தில் காய்ச்சி, மரத்தில் குறைந்தது 3 வருடம் ஊறியிருக்க வேண்டும். அதற்காக நம்மால் முடியாது என்றில்லை. பெங்களூருவின் அம்ருத், தன் சிங்கிள் மால்ட்டை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் அறிமுகப்படுத்தியது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை, ஊசி விற்றும்விட்டது! நம் வெயிலும் இதில் ஒரு பங்காளி. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூருவில் 10 சதவீதத்துக்கும் மேல். 18 வருடம் வைத்தால் இங்கே பீப்பாய்தான் மிஞ்சும். அதனால் இளசிலேயே இறக்கிவிடுகிறார்கள். வயது குறைவு என்று முகம் சுளிப்பவர் தெர்மாமீட்டரையும் பார்க்கட்டும்.

கேள்வி: ஊட்டிக் குளிருக்கு இரண்டு பெக் போட்டால் உடம்பு சூடாகுமா?

பதில்: சூடான மாதிரி இருக்கும். தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே அனுப்புகின்றன. கதகதப்பு உங்களுக்கு, சூடு ஊட்டிக்கு. ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.