கபிலருக்கு நாடு, நச்செள்ளையாருக்கு நகை

கேள்வி: சங்க காலத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்க்கும் எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்?
– ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: முழக்கத்தால் பிரயோஜனமில்லை, அம்மணி, கணக்கைப் பார்த்தால் உண்டு. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்கு ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் நூறாயிரம் காணமும், நகை செய்துகொள்ள ஒன்பது காப் பொன்னும் அளித்தான் என்றும், ஏழாம் பத்தைப் பாடிய கபிலருக்குச் செல்வக்கடுங்கோ வாழியாதன் அதே நூறாயிரம் காணத்தோடு, குன்றேறி நின்று தன் கண்ணுக்கெட்டிய நாட்டையும் அளித்தான் என்றும் அந்நூலின் பதிகங்கள் கூறுகின்றன. ரொக்கத்தில் பேதமில்லை, போனஸ் என்று வந்தபோதுதான் ஆணுக்கு நிலமென்றும் பெண்ணுக்கு ஆபரணமென்றும் ராஜபுத்தி பிரிந்திருக்கிறது. (கொடுத்தவர்கள் வெவ்வேறு அரசர்கள் என்று வக்கீல்கள் வாதாடலாம்.) ஆயினும் அந்த ரொக்க நியாயத்தை நம் பாராளுமன்றம் சட்டமாக்கியது 1976-இல்தான்.

இரவு வேலையின் கதையோ இன்னும் விநோதம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இரவு ஏழு மணிக்குமேல் பெண்ணை ஆலையில் வேலை செய்ய விடாதிருக்க, அத்தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-இல்தான் செல்லாதென்றது. ஆனால் தங்கள் ஜில்லாவும் அடங்கிய தொண்டை நாட்டின் மன்னனிடம், யுத்தம் மூளவிருந்த வேளையில், அதியமான் தூதனுப்பியது ஔவையாரைத்தான். அவரும் அத்தொண்டை மன்னனுடைய ஆயுதசாலையைப் புகழ்வதுபோலவே பரிகசித்துவிட்டுத் திரும்பினார். தங்கள் மேனேஜர் புது இயந்திரத்தைக் காட்டிப் பெருமை பேசினால் அந்தப் பாணியைக் கையாளலாம்: புறநானூறு, 95ஆம் பாட்டு.