குழாயடிக் கேள்விகள்

ஒவ்வொரு கோடையிலும் "கேஸ் குறைஞ்சிருக்கு சார்" என்று நிரப்பிவிட்டுப் போகிறார் ஏ.சி. மெக்கானிக். ஏ.சி. அவ்வளவு கேஸ் குடிக்குமா?
– பில் கட்டியே ஓய்ந்தவர், தாம்பரம்

ஒரு சொட்டுகூடக் குடிக்காது. அந்த கேஸ் செம்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது, எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த சித்திரைக்கும் அவர் வருவார், நீங்களும் காபி கொடுப்பீர்கள். இந்த முறை மூன்று கேள்வி கேளுங்கள். லீக் எங்கே? (சோப்பு நுரை தடவி, குமிழி வருவதைக் காட்டச் சொல்லுங்கள். நட்டு போட்டு இறுக்கிய ஜாயின்ட்தான் முதல் சந்தேகம்.) அடைத்த பிறகு வேக்குவம் போட்டீர்களா? கேஸை எடை பார்த்து ஏற்றினீர்களா? எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கும். இத்தனைக்கும் முன்னால், இன்டோர் யூனிட்டைத் திறந்து ஃபில்டர் வலையைக் கழுவிப் பாருங்கள். பாதி "கேஸ் குறைவு" குழாயடியிலேயே சரியாகிவிடும்.

வெயிலிலிருந்து வந்ததும் 16-ல் வைத்தால்தான் சீக்கிரம் குளிரும் என்கிறார் என் கணவர்.
– ரிமோட் கிடைக்காதவர், மதுரை

16 என்பது வேகம் இல்லை அம்மா, எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டளை. அறை கொதிக்கும்போது 24-ல் வைத்தாலும் ஏ.சி. தன் முழு பலத்தோடுதான் ஓடும். வித்தியாசம் நடுராத்திரியில் தெரியும்: 24 ஓய்வெடுக்கும், 16 ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் கணவர் போர்வை தேடிக்கொண்டிருப்பார். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. அதனால்தான் 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை ஏ.சி.கள் 24-ல் தொடங்கும்படி விதி வந்தது. ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். 26-ம் சுகமாக இருக்கும்.

ஒரு டன் ஏ.சி. என்றால் ஒரு டன் எடையா?
– மூன்றாவது மாடிக்குத் தூக்கியவர், சேலம்

தோளைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். ஐஸ் பாளம் வைத்துக் குளிர்வித்த காலத்துக் கணக்கு அது. ஒரு டன் ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 1 டன் போதும். மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குச் சுவர் வேறு என்றால் ஒன்றரை.

கோயம்புத்தூரில் தங்கை வீட்டு ஏர்கூலர் ஜிலுஜிலுவென்று இருக்கிறது. அதே மாடலை இங்கே வாங்கினோம். அப்பளம் நமுத்ததுதான் மிச்சம்.
– வியர்வையில் நனைபவர், திருவான்மியூர்

கூலரைத் திட்டாதீர்கள், கடலைத் திட்டுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்ளும். கூலரின் வித்தை அவ்வளவுதான். உங்கள் ஊர்க் காற்றிலோ ஏற்கெனவே ஹவுஸ்ஃபுல். ஜன்னலையும் சாத்திவிட்டுப் போட்டால் அறை இட்லிப் பானைதான். கூலரை ஜன்னலோரம் வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிடுங்கள். அப்புறமும் புழுங்கினால் தங்கைக்கே கொடுத்துவிடுங்கள்.

கீசரை ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால்தான் காலையில் சுடுதண்ணீர் என்கிறார் மாமியார்.
– மருமகள், திருச்சி

15 லிட்டர், 2 கிலோவாட் கீசரில் 25 டிகிரித் தண்ணீர் 60-க்கு வர 18 நிமிடம், செலவு 0.6 யூனிட். குளிக்கப் போவதற்கு 20 நிமிடம் முன்னால் போட்டால் போதும். ராத்திரி முழுக்கப் போட்டால், ஆறுவதும் சூடாவதுமாகப் பொழுது போகும். மாமியாரிடம் வாதாட வேண்டாம். அத்தைக்கு நீங்களே எழுந்து ஸ்விட்ச் போடுங்கள். பில் குறையும், பெயரும் கிடைக்கும்.

கீசர் அடியிலுள்ள சின்ன வால்வ் சொட்டுகிறது. எம்-சீல் வைத்து அடைத்துவிடவா?
– கைவேலைக்காரர், ஈரோடு

கையைக் கட்டிக்கொள்ளுங்கள்! அது ஒழுகுவதற்காகவே வைத்த சேஃப்டி வால்வ். 15 லிட்டர் தண்ணீர் சூடானால் ஒரு டம்ளர் அளவு பெருகும். அது வெளியேற வழி வேண்டும். அடைத்தால் தொட்டி வெடிக்கும். சூடாகும்போது நாலு சொட்டு விழுந்தால் சகஜம். ஆறிய பிறகும் நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள்.

மேல்மாடியில் இருக்கிறோம். டேங்க் தலைக்கு மேலேயே இருந்தும் ஷவர் அழுகிறது, கீழ்வீட்டில் கொட்டுகிறதே?
– ஹவுஸ் ஓனர், தஞ்சாவூர்

தலைக்கு மேலேயே இருப்பதுதான் கோளாறு. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் பிரஷர். உங்களுக்கு வாய்ப்பது இரண்டு மீட்டர். கீழ்வீட்டுக்காரருக்கு அதோடு ஒரு மாடி இனாம். முதலில் ஷவர் முகத்தைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். போர் தண்ணீர் உப்பு ஓட்டைகளை மூடியிருக்கும். அடுத்து, மாடியிலிருந்து இறங்கும் குழாய் அரை அங்குலம் என்றால் ஒரு அங்குலமாக்குங்கள். பிறகு டேங்குக்கு மேடை. பிரஷர் பம்ப் கடைசி வைத்தியம்.

விருந்தினர் பாத்ரூமில் ஆளே போவதில்லை. ஆனாலும் நாறுகிறது.
– சுத்தக்காரர், கும்பகோணம்

ஆள் போகாததால்தான் நாறுகிறது. தரையில் ஜல்லடைக்கு அடியில் நஹானி ட்ராப் இருக்கிறது. அதில் தேங்கி நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும் கதவு. நாள்பட்டால் அது காய்ந்துவிடும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ரூம் ஸ்பிரே காசு மிச்சம்.

குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு வைக்கலாமா?
– புதுக்குடித்தனம், கோத்தகிரி

கூடவே கூடாது, இதில் கிண்டலுக்கு இடமில்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டுவதும் அதே ஆபத்து. அதன் இடம் காற்றோட்டமான வெளிப்பக்கம். மின்ஹீட்டர் வாங்குங்கள். எண்ணெய் ஹீட்டரோ ஃபேன் ஹீட்டரோ, ஒரு யூனிட்டுக்கு இரண்டும் தருவது ஒரே சூடுதான். அதே யூனிட்டில் மும்மடங்கு வரை வேண்டுமானால் ஹாட் அண்ட் கோல்டு ஏ.சி.; வெளிக்காற்றிலிருந்தே சூட்டைத் திரட்டி உள்ளே தள்ளும்.

ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரை இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?
– சிக்கனம், விருதுநகர்

செடிக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள். பேட்டரிக்கு வேண்டாம், தூசும் உலோகத் துணுக்கும் கலந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டர் கேன் மிச்சமாகி, பேட்டரி செலவாகும்.

நல்ல பிளம்பரை எப்படி அடையாளம் காண்பது?
– ஏற்கெனவே மூன்று பேரை மாற்றியவர், நாகர்கோவில்

பையைத் திறப்பதற்கு முன்னால் "மெயின் வால்வ் எங்கே?" என்று கேட்பவர் நல்லவர். அதற்கு நீங்கள் தலையைச் சொறிந்தால், மாற்ற வேண்டியது பிளம்பரை அல்ல. இன்றைக்கே மாடியேறிப் பாருங்கள். ஒவ்வொரு வால்வும் எந்தக் குழாய்க்கு என்று பெயிண்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறங்கள். பல வருஷம் தொடாத கேட் வால்வ், குழாய் பிய்த்துக்கொண்டு பீய்ச்சும் அன்றைக்குத்தான் கைப்பிடியோடு கழன்று வரும்.