அன்று மாத்திரை, இன்று ஸ்கேன்

1970களில் மயிலாப்பூரில் பெரியம்மாவுக்குப் பித்தப்பையில் கோளாறோ என்று சந்தேகம் வந்தபோது, ராத்திரி கொழுப்பில்லாத சாப்பாடு கொடுத்து, அதன்மேல் அயோடின் கலந்த மாத்திரைகளை விழுங்கச் சொன்னார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு எக்ஸ்ரே. மருந்து குடலில் கரைந்து, கல்லீரல் வழியாகப் பித்தப்பையில் போய்ச் சேர்ந்தால்தான் படத்தில் நிழல் விழும். அமெரிக்காவில் கிரஹாமும் கோலும் 1924ல் தொடங்கிவைத்த வழியின் தொடர்ச்சி அது. பெரியம்மா மாத்திரைகளை வாந்தியெடுத்துவிட்டார். எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அன்று எனக்குப் புரியாத ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்து பட்டினி கிடப்பவருக்கு, அதுவும் வாந்தியும் ஜுரமுமாக இருப்பவருக்கு, இந்தச் சோதனை எப்படி உதவும்? வீங்கிய பித்தப்பை மருந்தை ஏற்பதே அரிது. வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பார்கள்.

அடையாறில் அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனது சமீபத்தில். தையல் நன்றாக ஆறியது, ஜுரம் மட்டும் இறங்கவில்லை. எங்கள் கண்ணெல்லாம் இடுப்பின்மேலேயே இருந்தது. வலது விலாவுக்குக் கீழே தொட்டால் முகம் சுளிக்கிறார் என்று கவனித்தவர் இரவு டியூட்டி நர்ஸம்மா. அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

ஸ்கேன் மெஷினையே கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜெல் தடவி டாக்டர் பார்த்தார். கல் இல்லை. ஆனால் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய பையின் சுவர் தடித்திருந்தது, சுற்றிலும் நீர். திரையில் பித்தப்பை தெரியும் இடத்தில் கருவியை அழுத்தியதும் அப்பா "ஐயோ" என்றார். அந்த வலியும் ஓர் அடையாளம்தான், மர்ஃபி என்ற சிகாகோ சர்ஜன் பெயரில் வழங்குவது. மயக்க மருந்தில் கிடப்பவர் வலியைச் சொல்ல மாட்டார். அங்கே மற்ற அடையாளங்களை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இடுப்புக்கும் பித்தப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் கேட்டான். வாய்வழிச் சாப்பாடு நின்றால் பை சுருங்குவதில்லை, பித்தம் தேங்கிக் கெட்டியாகிறது. உடம்பு தளர்ந்த நேரத்தில் ரத்த ஓட்டமும் குறைந்தால் சுவர் அழற்சி கொள்ளும். கவனிக்காவிட்டால் அழுகி ஓட்டை விழும். வயதானவர்களிடம் இது சரசரவென்று முற்றிவிடும் என்பதால்தான் டாக்டர் மறுநாள்வரை காத்திருக்கவில்லை. அதே ஸ்கேனைப் பார்த்தபடி விலா இடுக்கில் ஊசி செலுத்தி, மெல்லிய குழாய் வைத்துப் பித்தத்தை வடித்தார்கள். ஜுரம் இறங்கத் தொடங்கியது. பையை எடுப்பதா வேண்டாமா என்பதை உடம்பு தேறியபின் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.